போடி எங்கே போச்சு?

கம்பம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு தவிட்டு மண்டிக்கு மேல்மாடியில் உட்கார்ந்து சாஃப்ட்வேர் எழுதுகிறேன். ஆபீஸ் என்று சொன்னால் கீழே மண்டிக்காரர் சிரிப்பார் என்பதால் கடை என்றே சொல்லிப் பழகிவிட்டேன். ஏலக்காய் வியாபாரிகள், திராட்சைத் தோட்டக்காரர்கள், மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்காரர்கள், குமுளியில் ரூம் வாடகைக்கு விடுகிறவர்கள் என்று 20 வருடமாக இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். பில்லில் தமிழ் வேண்டும் என்பார் ஒருவர், மலையாளமும் வேண்டும் என்பார் அடுத்தவர். புரோகிராமிங் பற்றிக் கேட்கலாம் என்று ஆசிரியர் சென்ற இதழில் அறிவித்திருந்தார். வந்ததில் எனக்கு விடை தெரிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் கடை வாடிக்கையாளர் பட்டியலை பழைய பாமினி எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினேன். திரையில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் "போடி" என்று தேடினால் பாதிப் பேரைக் காணோம். "கோம்பை"யும் அப்படியே. "கம்பம்", "சின்னமனூர்" என்று தேடினால் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். பேய் பிடித்த மாதிரி இருக்கிறது அண்ணே.
(ஒரு இளம் புரோகிராமர், போடிநாயக்கனூர்)

பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள் தம்பி. உங்கள் பேய்க்குக் காலும் உண்டு, கொம்பும் உண்டு. அதுதான் பிரச்சினையே.

"போ" என்ற எழுத்தைப் பாருங்கள். முன்னால் இரட்டைக் கொம்பு, நடுவில் ப, பின்னால் கால். எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கிற பொது முறைதான் யூனிகோடு. அதில் இந்த ஓகாரக் குறிக்கென்று தனியாக ஒரே எண் இருக்கிறது. அதே சமயம் ஏகாரக் கொம்புக்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண் என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அச்சு அசலாக அதே "போ" தெரியும். நம் கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு சொற்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு வகை "போடி"யின் நீளத்தையும் எண்ணச் சொல்லுங்கள். ஒன்று 4 என்று வரும், மற்றது 5 என்று வரும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணில் தெரிகிற வரிசையிலேயே தட்டச்சு செய்வோம்: முதலில் கொம்பு, அப்புறம் ப, அப்புறம் கால். மாற்றி எழுதும் கருவி கொம்பைத் தூக்கி ப-வுக்குப் பின்னால் வைத்ததோடு நிறுத்திக்கொண்டது. கொம்பையும் காலையும் சேர்த்து ஒன்றாக்கவில்லை. நீங்கள் தேடல் பெட்டியில் புதிதாகத் தட்டும் "போடி"யில் ஒரே குறி இருக்கிறது. பழைய ஆட்களிடம் இரண்டு துண்டு. பாதிப் பேர் கிடைக்கிறார்களே, அவர்கள் யூனிகோடு வந்த பிறகு கையால் சேர்த்தவர்களாக இருப்பார்கள். கம்பத்திலும் சின்னமனூரிலும் ஒகரமோ ஓகாரமோ இல்லாததால் தப்பித்தன.

இதற்கு மருந்து யூனிகோடிலேயே இருக்கிறது. என்எஃப்சி என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், ஜாவா எல்லாவற்றிலும் உள்ளேயே வருகிறது. துண்டுகளை ஒன்றாக்கிக் கொடுத்துவிடும். தரவு உள்ளே நுழையும் இடத்தில் ஒரு முறை, தேடல் சொல்லுக்கு ஒரு முறை, இப்போது இருக்கிற பழைய வரிசைகள் மொத்தத்துக்கும் ஒரே ஒரு முறை ஓட்டுங்கள். ஓட்டுவதற்கு முன்னால் பேக்கப் எடுங்கள்.

இதோடு தீராத சில உண்டு. "கௌரி"யை ஊரில் பாதிப் பேர் கெ போட்டு ள போட்டு "கெளரி" என்று தட்டுகிறார்கள். இது என்எஃப்சிக்குப் பிடிபடாது. நான் ஒரு சமயம் புத்திசாலித்தனமாக, கொம்புக்குப் பின்னால் ள வந்தால் ஔகாரக் குறியாக மாற்று என்று ஒரு வரி எழுதினேன். மறுநாள் வெள்ளைச்சாமிகள் எல்லோரும் வௌ்ளைச்சாமிகளாகி நின்றார்கள். ள-வுக்கு மேல் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் தொடாதே என்று சேர்த்த பிறகுதான் சரியானது. அப்போதும் மாறப்போகிற பெயர்களைப் பட்டியலாக எடுத்து ஒரு டீ குடித்துக்கொண்டே கண்ணால் பார்த்துவிடுங்கள். "ஸ்ரீ"யையும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம், அதையும் என்எஃப்சி இணைக்காது. மலையாளப் பெயர்கள் இருந்தால் சில்லு எழுத்துகளையும் (உயிர் சேராத சில மெய்களுக்கு அங்கே உள்ள தனி வடிவம்) கவனிக்க வேண்டும். அவற்றுக்குத் தனி எண் வந்தது 2008இல், யூனிகோடு 5.1 பதிப்பில்தான். அதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்பான் போட்டு எழுதினார்கள். பழைய கோப்புகளில் அது இன்னும் கிடக்கிறது.

கேள்வி: காய்கறி கமிஷன் மண்டியில் கணக்கு பார்க்கிறேன். ராத்திரி 3 மணியிலிருந்தே கட்டப்பனை, குமுளி வண்டிகளுக்கு பில் போடுவோம். சில பில்கள் முதல் நாள் கணக்கில் போய் விழுகின்றன. முதலாளி என்னைச் சந்தேகப்படுகிறார்.
(ஒரு கணக்கர், கம்பம்)

உங்கள் மேல் தப்பில்லை என்று முதலாளிக்கு ஒரே நிமிடத்தில் நிரூபிக்கலாம். விழுகிற பில்களின் நேரத்தைப் பாருங்கள். 5:30க்கு முன்னால் போட்டவை மட்டும்தான் நேற்றைக்குப் போயிருக்கும். 5:31 பில் ஒன்றுகூடப் போயிருக்காது.

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. இங்கே காலை 4:10 என்றால் உலகப் பொது நேரப்படி முந்தின நாள் இரவு 10:40. வாடகை சர்வர்கள் பெரும்பாலும் பொது நேரத்தில்தான் ஓடும். உங்கள் சாஃப்ட்வேரை எழுதினவர், "இன்றைய தேதி என்ன" என்று சர்வரைக் கேட்டிருக்கிறார். அது தனக்குத் தெரிந்த தேதியைச் சொல்லியிருக்கிறது. எழுதினவர் காலை 10 மணிக்கு வேலைக்கு வந்து 6 மணிக்குப் போகிறவராக இருப்பார், அவர் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். மண்டிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன் ஒரு நாளாவது ராத்திரி 3 மணிக்கு மண்டியில் நிற்க வேண்டும். நான் நின்றிருக்கிறேன். கீபோர்டில் தக்காளிச் சாறு படும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

எழுதினவரிடம் சொல்ல வேண்டியது இது. நேரத்தைப் பொது நேரத்திலேயே சேமிக்கட்டும், அது நல்லதுதான். நாளாகப் பிரிக்கும்போது மட்டும் ஆசியா/கொல்கத்தா என்ற நேர மண்டலத்துக்கு மாற்றிவிட்டுப் பிரிக்க வேண்டும். 5:30ஐக் கையால் கூட்டுகிற வேலை வேண்டாம். யாராவது பின்னாளில் வந்து இன்னொரு தடவை கூட்டுவார்கள். அதைவிட மேல், "வியாபார நாள்" என்று தனியாக ஒரு கட்டம் வைப்பது. ராத்திரி 11 மணிக்கே லோடு ஏற்றத் தொடங்குகிற நாளில் அந்த பில் எந்த நாள் கணக்கு என்பதை முதலாளிதான் சொல்ல வேண்டும், கடிகாரம் சொல்லக் கூடாது.

இதே நோய் பிறந்த தேதியிலும் வரும். ஜாவாஸ்கிரிப்டில் ஆகஸ்ட் 15 நள்ளிரவு என்று ஒரு தேதியை உருவாக்கி ஐஎஸ்ஓ வடிவத்தில், அதாவது பொது நேரத்தில், எழுதச் சொன்னால் ஆகஸ்ட் 14, 18:30 என்று எழுதும். அதில் தேதியை மட்டும் வெட்டி எடுத்தால் பிள்ளைக்கு ஒரு நாள் வயது கூடிவிடும். பிறந்த தேதிக்கு நேரம் தேவையே இல்லை. வருடம், மாதம், நாள் என்று வெறும் தேதியாகவே வையுங்கள்.

கேள்வி: நான் பி.சி.ஏ. இரண்டாம் ஆண்டு. பைத்தான் படிப்பதா, ஜாவா படிப்பதா? வேலைக்கு சென்னை, பெங்களூர்தான் போக வேண்டுமா?
(ஒரு மாணவி, உத்தமபாளையம்)

கல்லூரியில் எதைச் சொல்லிக் கொடுக்கிறார்களோ அதையே படிம்மா. ஒன்று கைவந்தால் இன்னொன்றுக்கு இரண்டு மாதம் போதும். அதோடு எஸ்க்யூஎல்லை ஆழமாகப் படி, டேட்டாபேஸிடம் கேட்டு வாங்குகிற மொழி அது. 1970களில் வந்தது, இன்றைக்கும் என் வேலையில் பாதி அதுதான். உங்கள் தெருவில் சீட்டு பிடிக்கிற அக்கா இருப்பார் இல்லையா, அவருக்கு ஒரு சீட்டுக் கணக்கு ஆப் எழுதிக் கொடு. அவர் திட்டுகிற திட்டில் மூன்று செமஸ்டர் பாடம் இருக்கும்.

ஊரைப் பற்றி: தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ ஆபீஸ் நடக்கிறது, குற்றாலச் சாரலில் நனைந்துகொண்டே வேலைக்குப் போகிறார்கள். ஆனாலும் முதல் மூன்று நான்கு வருடம் ஒரு பெரிய கூட்டத்தோடு உட்கார்ந்து வேலை பார்ப்பது நல்லது. நான் அதைச் செய்யவில்லை. மற்றவர்கள் எழுதின கோடைப் படிக்கும் பழக்கம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது.

கேள்வி: மலையில் வீடு வீடாகப் போய் ஏலக்காய் கொள்முதல் செய்கிறோம். போனில் பதிவு போடும்போது சிக்னல் போய்விடுகிறது. பையன்கள் பட்டனை மறுபடி அமுக்குகிறார்கள். ஒரே மூட்டைக்கு இரண்டு பில். பட்டனை ஒரு தடவைக்கு மேல் அமுக்க முடியாதபடி செய்தும் நிற்கவில்லை.
(ஒரு வியாபாரி, வண்டன்மேடு)

உங்கள் கேள்விதான் இந்த முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. பட்டனைப் பூட்டினால் போதும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன்.

நடப்பது இதுதான். போன் அனுப்பிய பதிவு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சர்வர் பில் போட்டு, "ஆச்சு" என்று பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் திரும்பி வரும் வழியில் சிக்னல் அறுந்துபோகிறது. பையனுக்குத் தெரிவது சுற்றிக்கொண்டே இருக்கிற வட்டம் மட்டும்தான். அவன் ஆப்பை மூடித் திறந்து திரும்பப் போடுகிறான். அவன் செய்தது நியாயம்தானே? அனுப்பியது போய்ச் சேரவில்லையா, சேர்ந்ததற்குப் பதில்தான் வரவில்லையா என்பது அந்த போனுக்கு ஒருபோதும் தெரியாது. அதனால் மறுபடி அனுப்புவதைத் தடுக்கவே பார்க்காதீர்கள். எத்தனை தடவை அனுப்பினாலும் ஒரு பில்தான் என்று ஆக்குங்கள்.

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஒரே ஆள் பெயர் மறுபடி வந்தால், "மாமா, உங்களுது ஏற்கெனவே 42ஆவது வரியில் இருக்கு" என்பார். அதையே சர்வர் செய்ய வேண்டும். பெயரை வைத்துச் செய்ய முடியாது, ஒரே விவசாயி ஒரே நாளில் இரண்டு மூட்டை கொடுக்கலாம். ஆகவே பையன் புதுப் பதிவுக்கான திரையைத் திறந்ததுமே போன் தானாக ஒரு நீண்ட எண்ணை உருவாக்கிக்கொள்ள வேண்டும். யூயூஐடி என்பார்கள். இரண்டு போனில் ஒரே எண் வருவதற்கு நடைமுறையில் வாய்ப்பே இல்லை. எத்தனை தடவை அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்ப வேண்டும். சர்வரின் டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு யுனீக் இண்டெக்ஸ், அதாவது ஒரே எண் இரண்டு தடவை நுழைய முடியாத பூட்டு, போட்டுவிடுங்கள். இரண்டாம் தடவை வந்தால் பிழை காட்டாமல், முதலில் போட்ட பில்லையே திரும்பக் கொடுக்கட்டும். "முதலில் இருக்கிறதா என்று தேடு, இல்லையென்றால் சேர்" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டும் தேடும், இரண்டுக்கும் கிடைக்காது, இரண்டும் சேர்க்கும். காவல் டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும்.

அனுப்பாத பதிவுகள் போனுக்குள்ளேயே தங்க வேண்டும். வெப் ஆப் என்றால் பிரவுசருக்குள்ளேயே சேமித்து வைக்க இண்டெக்ஸ்டு டிபி இருக்கிறது. ஐபோன் வைத்திருக்கிற பையன்களை மட்டும் கவனியுங்கள்: சஃபாரியில் 7 நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் விட்டால் உள்ளே வைத்ததை அழித்துவிடும். முகப்புத் திரையில் சேர்த்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பில் எண் வேறு விஷயம். ஜிஎஸ்டி விதிப்படி அது ஒரு நிதியாண்டுக்குள் தொடர் வரிசையாக, 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத நான்கு போன்கள் ஒரே வரிசையில் எண் போட முடியாது. ஒன்று, சர்வருக்கு வந்த பிறகு எண் கொடுங்கள். அல்லது போனுக்கு ஒரு முன்னெழுத்து வைத்துத் தனித்தனி வரிசையாக ஓட்டுங்கள், அதற்கு விதியில் இடம் உண்டு.

கேள்வி: தேக்கடிக்கு வருகிறவர்களுக்காக ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வெப்சைட் திறக்க அரை நிமிடம் ஆகிறது. ஹோஸ்டிங்கை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
(ஒரு குடும்பத் தலைவி, குமுளி)

காசைச் செலவழிக்காதீர்கள் அம்மா. உங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன், 14 படங்கள், ஒவ்வொன்றும் போனில் எடுத்தபடியே 4, 5 எம்பி. போட் விட்டு இறங்கிய கையோடு ரூம் தேடுகிறவர் 60 எம்பியை இறக்க வேண்டியிருக்கிறது.

படங்களை 1,200 பிக்ஸல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி வடிவத்தில் சேமியுங்கள். ஒவ்வொன்றும் 150 கேபிக்குள் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. திரைக்குக் கீழே இருக்கிற படங்களுக்கு லேஸி லோடிங் (அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் படத்தை இறக்குவது) போடச் சொல்லுங்கள், முதல் படத்துக்கு மட்டும் வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் எழுதிவிட்டால், போன் நம்பரை அமுக்கப் போகிற நேரத்தில் பக்கம் குதிக்காது. அப்புறம் அந்த மேலே தானாக ஓடுகிற வீடியோ. காட்டெருமை அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். எடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பில்லில் சில நாள் ஒரு பைசா இடிக்கிறது. மொத்தம் ஒன்று, கூட்டினால் வேறொன்று. ஒரு பைசாதானே என்று விட்டுவிடலாமா?
(ஒரு ஏலக்காய் வியாபாரி, போடி)

நீங்கள் விட்டாலும் ஆடிட்டர் விட மாட்டார்.

கம்ப்யூட்டரின் தசமக் கணக்கு இரண்டின் அடுக்குகளில் நடக்கிறது. 0.1ஐ அதனால் சரியாக எழுதவே முடியாது. 0.1உடன் 0.2ஐக் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று சொல்லும். ரூபாயை அப்படி வைக்கக் கூடாது. பைசாவாக, முழு எண்ணாக வையுங்கள். எடையைக் கிராமாக வையுங்கள். டேட்டாபேஸில் டெசிமல் வகை இருக்கிறது, அதுவும் நல்லது. ஃப்ளோட், அதாவது அந்த இரண்டின் அடுக்கு வகை, மட்டும் வேண்டாம்.

அப்படி வைத்தாலும் இன்னொரு இடம் இருக்கிறது. 12.350 கிலோ, கிலோ 2,415 ரூபாய் 50 பைசா என்று வையுங்கள். பெருக்கினால் 29,831 ரூபாய் 42 பைசா, அதற்கு மேல் அரைப் பைசா. அந்த அரைப் பைசாவை வரிக்கு வரி முழுதாக்கிவிட்டுக் கூட்டுவதும், எல்லாவற்றையும் கூட்டிவிட்டுக் கடைசியில் முழுதாக்குவதும் வேறு வேறு விடை தரும். எது வேண்டும் என்று ஒரு தடவை முடிவு செய்து, அதை ஒரே ஒரு ஃபங்ஷனில் எழுதி, பில், அறிக்கை, ஏற்றுமதிக் கோப்பு எல்லாம் அதையே கூப்பிட வேண்டும். உங்கள் சாஃப்ட்வேரில் திரை ஒரு விதமாகவும் அச்சு வேறு விதமாகவும் கணக்குப் போடுகிறது என்று நினைக்கிறேன்.

எல்லைக்காரர் நீங்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் விற்றால் 5 சதவீத ஜிஎஸ்டி மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் இரண்டரை இரண்டரையாகப் பிரியும். மலையேறிக் கேரளாவுக்குப் போனால் அதே 5 சதவீதம் ஐஜிஎஸ்டியாக ஒரே வரியில் வரும். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: நமக்கு 33, கேரளாவுக்கு 32. அந்த இரண்டு இலக்கத்தை மட்டும் பார்த்து வரியை முடிவு செய்கிற கோடை நிறையப் பார்த்திருக்கிறேன். பில் ஒருவர் பெயரில், சரக்கு இறங்குவது இன்னோர் இடத்தில் என்றால் கணக்கு மாறும். "வழங்கல் இடம்" என்று தனிக் கட்டம் வைத்து, அதில் என்ன வரும் என்பதை ஆடிட்டர் வாயால் சொல்ல வையுங்கள்.

கேள்வி: எஸ்டேட் சம்பளப் பட்டியலுக்கு ஒரு ஃபார்ம் செய்தேன். முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் கட்டாயம். பெண்கள் பலருக்குக் கடைசிப் பெயர் இல்லை. புள்ளி வைத்து நிரப்பியிருக்கிறார்கள். வேறு எப்படிச் செய்வது?
(ஒரு புரோகிராமர், வண்டிப்பெரியாறு)

கடைசிப் பெயர் இல்லாதது அவர்கள் குறையில்லை, உங்கள் ஃபார்மின் குறை. தமிழ்நாட்டுப் பக்கம் இனிஷியல் முன்னால் வரும், அது அப்பா பெயர். கேரளாவில் பல பேருக்கு இனிஷியல் பின்னால் வரும், அதில் வீட்டுப் பெயரும் இருக்கும். ஒரே வேலைத்தலத்தில் இரண்டு வழக்கமும் கலந்து கிடக்கும். "பெயர்" என்று நீளமான ஒரே கட்டம் வையுங்கள், ஆதாரில் உள்ளபடி என்று பக்கத்தில் எழுதுங்கள். "கூப்பிடும் பெயர்" என்று கட்டாயமில்லாத இன்னொன்று வையுங்கள். சம்பளத்தன்று ஒரே பெயரில் நான்கு பேர் வரிசையில் நிற்கும்போது அதுதான் உதவும்.

நீளம் வைக்கும்போது, தமிழிலும் மலையாளத்திலும் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப் 8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் பிடிக்கும் என்பது நினைவிருக்கட்டும். "தமிழ்" என்ற சொல் நமக்கு 3 எழுத்து, யூனிகோடுக்கு 5, பைட்டில் 15. எஸ்எம்எஸ் அனுப்பினாலும் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம், நமக்கு 70 தான். "உங்கள் சம்பளம் வங்கியில் வரவு வைக்கப்பட்டது" என்று செந்தமிழில் ஆரம்பித்தால் தொகை வருவதற்குள் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். தொகையை முன்னால் எழுதுங்கள்.

டி'குரூஸ் என்று மேற்கோள் குறியோடு ஒரு பெயர் கொடுத்துப் பாருங்கள். ஃபார்ம் உடைந்தால், பெயரை எஸ்க்யூஎல் வரிக்குள் நேராக ஒட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். கெட்ட எண்ணத்தோடு வருகிறவன் அந்த ஓட்டை வழியாகப் பட்டியலையே அள்ளிக்கொண்டு போவான். மேற்கோள் குறியை நீக்குவது வைத்தியம் இல்லை. பெயரை எஸ்க்யூஎல் வரியோடு ஒட்டாமல் தனி அளவுருவாக (பாராமீட்டராக) அனுப்புங்கள், எந்த மொழியிலும் அதற்கு வழி உண்டு.

கேள்வி: தினமும் பென் டிரைவில் பேக்கப் எடுக்கிறோம். அது போதுமா?
(ஒரு உரக்கடைக்காரர், கூடலூர்)

பென் டிரைவை எங்கே வைக்கிறீர்கள்? கம்ப்யூட்டரிலேயே செருகி வைத்திருந்தால் அது பேக்கப் இல்லை. ஐப்பசி இடி விழுந்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கிற வைரஸ் வந்தாலும் இரண்டையும் பூட்டும்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்கு ராத்திரி 11 மணிக்குத் தானாக பேக்கப் எடுக்க வைத்திருந்தேன். தினமும் தேதி போட்ட கோப்பு வரிசையாக வந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் போனது. நான் கவலையே படாமல், "இருக்கு அண்ணாச்சி, பத்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கோப்பைத் திறந்தேன். பூஜ்ஜியம் பைட். முந்தின நாள் கோப்பு, அதற்கும் முந்தினது, எல்லாம் பூஜ்ஜியம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியபோது பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டில் மாற்ற மறந்திருக்கிறேன். அது எட்டு மாதமாக வெறும் கோப்பை உருவாக்கிப் பெயர் வைத்துக்கொண்டிருந்தது. அச்சடித்த பில்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து, என் மனைவியும் நானும் 19 நாள் திரும்பத் தட்டினோம். காசு வாங்கவில்லை. எந்த முகத்தோடு வாங்குவது?

இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு, பழைய லேப்டாப் ஒன்றில் அந்த வார பேக்கப்பை ஏற்றிக் கடைசி பில்லைத் திறந்து பார்க்கிறேன். மூன்று பிரதி, இரண்டு வேறு வகைச் சாதனம், அதில் ஒன்று வெளியூரில் என்பது பொதுவான கணக்கு. என் வெளியூர்ப் பிரதி தேனியில் மச்சான் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நீங்கள் இரண்டு பென் டிரைவ் வாங்கி, ஒன்று விட்டு ஒரு நாள் மாற்றி, ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கும்படி செய்யுங்கள். கோப்பின் அளவு நேற்றைவிடக் குறைந்தால் போனுக்குச் செய்தி வரும்படி எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: ஏஐயே கோடு எழுதிக் கொடுக்கிறதே, நீங்கள் பயன்படுத்துகிறீர்களா?
(ஒரு வாசகர், தேவாரம்)

தினமும். அறிக்கை வடிவமைப்பு, பழைய கோடுக்கு விளக்கம், டெஸ்ட் எழுதுவது என்று கையொடிகிற வேலையெல்லாம் அதனிடம்தான். ஆனால் எழுதித் தந்ததைப் பார்க்காமல் ஏற்றுவதில்லை. ஜிஎஸ்டி எண்ணைச் சரிபார்க்க ஒரு ஃபங்ஷன் கேட்டேன். 15 எழுத்து இருக்கிறதா, நடுவில் பான் எண் வடிவம் சரியா என்று அழகாகப் பார்த்தது. கடைசி எழுத்து மற்ற 14இலிருந்து கணக்கிட்டு வருவது, ஓர் எழுத்து மாறித் தட்டினால் அதுதான் காட்டிக்கொடுக்கும். அதை விட்டுவிட்டது. கேட்டதும், மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தது. கேட்கத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா, அவ்வளவுதான். சில சமயம் இல்லாத லைப்ரரியின் (பிறர் எழுதி வைத்த கோடுத் தொகுப்பின்) பெயரையும் சொல்லும். பெயர் நன்றாக இருக்கிறதே என்று நிறுவிவிடாதீர்கள். அப்படிப்பட்ட பெயர்களில் விஷக் கோடைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளரின் உண்மையான பட்டியலையும் அதில் ஒட்டாதீர்கள், மாதிரிக்குப் பொய்ப் பெயர் நாலு போதும்.

கேள்வி: தெரிந்தவர்கள் "சின்ன வெப்சைட்தானே தம்பி" என்று கேட்கிறார்கள். எவ்வளவு வாங்குவது, எப்படிக் கேட்பது?
(ஒரு புது புரோகிராமர், லோயர் கேம்ப்)

தொகையை நான் சொல்ல முடியாது. மாமா வீட்டு உறவு என்றால் ஒன்று, மற்றவருக்கு ஒன்று என்று நீங்களே வைத்திருப்பீர்கள். என்னென்ன பக்கம், எத்தனை தடவை மாற்றித் தருவேன், எப்போது முடிப்பேன் என்று ஒரு தாளில் எழுதிப் பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள். "சின்ன மாற்றம்" கேட்டு வாட்ஸாப்பில் குரல் செய்தி வந்தால், அதை எழுத்தில் திருப்பி அனுப்பி, "இதுதானே?" என்று கேளுங்கள். பாதி மாற்றம் அங்கேயே நின்றுவிடும்.

டொமைனை (வெப்சைட்டின் முகவரிப் பெயரை) மட்டும் வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மெயில் முகவரியில், அவர் கார்டிலேயே வாங்க வையுங்கள். உங்கள் பெயரில் வாங்கினால் வருடா வருடம் புதுப்பிக்கிற காசை நீங்கள் கட்டிவிட்டு, அவர் பின்னால் அலைய வேண்டும். எனக்கு அப்படி 11 டொமைன் இருக்கிறது. அதில் ஒரு கடை மூடியே ஆறு வருடம் ஆகிறது.